ஹேஸல்கோம்ப் மாளிகையின் பதினோராவது தாள்

புதன்கிழமை மாலை ஐந்தரை மணி. கிளமெண்டியில் மாலை வகுப்புக்குக் கிளம்ப நஸீஹா பையை மாட்டிக்கொண்டிருந்தபோது, டன்லப் தெரு மசாலாக் கடைக்கு மேலிருந்த அந்தச் சின்ன அலுவலகத்தின் மரப்படியில் கனமான காலடி கேட்டது. படியேறி வந்தவர் நீலச் சீருடை அணிந்த ஓர் அம்மா. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கதவருகே நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"இங்க குணமணின்னு ஒருத்தங்க..."

"நான்தான். உட்காருங்க," என்றார் குணமணி.

குணமணி இருபது ஆண்டுகள் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் தீ விபத்துகளை ஆராய்ந்தவர். எரிந்த வீட்டின் சாம்பலைப் பார்த்தே நெருப்பு எந்த மூலையில் தொடங்கியது என்று சொல்லிவிடுவார். இப்போது தனியாகத் துப்பறிகிறார். நஸீஹா அவருக்கு உதவியாளர். வாரம் மூன்று மாலை, பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடும் வகுப்புக்கும் போகிறாள். எதையும் மூன்று முறை அளப்பாள். மூன்று முறையும் ஒரே அளவு வந்தாலும் நாடா சரியில்லையோ என்று சந்தேகப்படுவாள்.

வந்தவர் பெயர் பஞ்சவர்ணம். சுவா சூ காங்கில் வீடு. புக்கித் தீமா பக்கம் குன்றின் மேலிருக்கும் ஹேஸல்கோம்ப் மாளிகையில் பதினொரு வருடமாகக் காப்பாளர்.

"வெள்ளைக்காரன் கட்டின வீடு. அவங்க ஊர்ல இருக்கிற அப்பா வீட்டை அப்படியே பார்த்துக் கட்டினானாம். நேத்து அங்க லைப்ரரியில இருந்த பழைய பிளான் சுருளைக் காணோம். தொண்ணூறு வருஷத்துக்கு முந்தின கைவரைபடம். சனிக்கிழமை எக்ஸிபிஷன்ல வைக்கப் போறதா இருந்தாங்க."

"சாவி?"

"ஒரே சாவிதான். என் இடுப்புல இருந்துச்சு." அவர் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பியது. "காலையில ஒன்பது மணிக்கு நானும் மாளிகை ட்ரஸ்ட் செக்ரட்டரி ஜேசுதாசன் சாரும் உள்ள போய் பார்த்தோம். சுருள் இருந்துச்சு. பூட்டினேன். பதினொன்றரைக்குத் திறந்தா இல்ல. ஜன்னல்ல எல்லாம் இரும்புக் கம்பி. வேற யார் எடுக்க முடியும்ங்கிறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எடுக்கலன்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள திருப்பிக் கொடுத்துட்டு வேலையை விட்டுப் போயிட்டா போலீஸ் வேணாம்ங்கிறார் செக்ரட்டரி. இல்லாட்டி ரிப்போர்ட். வேலை போனா போகட்டும்மா, காப்பிக்கடையில தட்டு கழுவிப் பிழைச்சுக்குவேன். திருடின்னு பேர் வாங்கிட்டுப் போகமாட்டேன்."

குணமணி மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். "அப்ப அங்க யார் யார் இருந்தாங்க?"

"ஆர்க்கிடெக்ட் சுஜீந்திரன் சார் ஹால்ல உட்கார்ந்து எழுதிக்கிட்டு இருந்தார். சரத் மாடியில உள்ரூம் கதவு சரிபண்ணிக்கிட்டு இருந்தான், தச்சு வேலை செய்யற தம்பி. தோட்டத்துல தோட்டக்காரர். நான் பின்கட்டுல சமையலறை. வாசல்ல கார்டு எல்லார் பையையும் பார்த்துத்தான் வெளிய விடுவார். சுருள் ஒரு மீட்டர் நீளம். யாரும் வெளிய கொண்டு போகல. வீடு முழுக்கத் தேடினாங்க, கிடைக்கல."

"சுஜீந்திரன் யாரையாவது பார்த்தாரா?"

பஞ்சவர்ணத்தின் குரல் தாழ்ந்தது. "பத்து மணி போல லைப்ரரி கதவு திறந்துச்சாம். நீலமா ஒரு துணி தெரிஞ்சுச்சாம். முகம் தெரியலையாம். பெரிய ஜன்னல் வழியா வெயில் கண்ணுல அடிச்சுச்சாம். எழுந்து போய் திரையை மூடிட்டுத் திரும்பிப் பார்த்தா யாரும் இல்லையாம்." தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார். "நீலம் நான் ஒருத்திதான்."

"திரை மூடியிருந்தது உண்மையா?"

"ஓ, மூடித்தான் இருந்துச்சு. யார் மூடினதுன்னு நான்தான் எல்லார் முன்னாலயும் கேட்டேன். நான் அந்தத் திரையைத் தீபாவளி சமயத்துல மூடினா மாசியிலதான் திறப்பேன். மத்த நாள்ல தொடமாட்டேன். அப்பத்தான் சார் வெயில் கதையைச் சொன்னார்." எழுந்தவர் சலிப்போடு சேர்த்துக்கொண்டார். "காலையிலதான் லைப்ரரியைத் துடைச்சேன். பதினொன்றரைக்குப் பார்த்தா மரச்சுவர் ஓரமா பல்லி முட்டை ஓடு கிடக்கு. திருட்டுப் பேரு பத்தாதுன்னு சுத்தமில்லைன்னு பேரு வேற."

நஸீஹா பல்லி முட்டையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். எழுதியபின் இதெல்லாம் தேவைதானா என்று தோன்றியது. அடிக்கவில்லை. அன்று அவள் வகுப்புக்குப் போகவும் இல்லை.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு இருவரும் குன்றின் மேல் நின்றார்கள். செங்குத்தான ஓட்டுக் கூரை, வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள், வானத்தைக் குத்தும் மூன்று செங்கல் புகைபோக்கிகள். பாடப்புத்தகத்தில் நஸீஹா பார்த்த இங்கிலாந்துப் பண்ணை மாளிகை ஒன்று வழி தவறி மழைமரங்களுக்கு நடுவே வந்து நின்றதுபோல் இருந்தது. முன்புறப் புல்வெளியில் கல்தூண் மேல் பித்தளைச் சூரியக் கடிகாரம். அதன் சாய்ந்த தகடு இங்கிலாந்துக்கென்று செய்த கோணத்தில் இருந்ததால் நேரம் தப்பாகக் காட்டியது. தகட்டின் நிழல் வீட்டை விட்டு விலகிப் புல்லின் பக்கம் விழுந்திருந்தது.

ஜேசுதாசன் வாசலில் காத்திருந்தார். நரைத்த மீசை, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. அவர் கையில் சாவிக்கொத்து இருந்தது.

"பஞ்சவர்ணம் கேட்டதால அனுமதிச்சேன். எனக்கு அவங்க மேல கோபம் இல்லை. ஆனா பூட்டின அறைக்குச் சாவி வச்சிருந்தவங்களைத்தானே கேக்கணும்?"

"ஆமா, நியாயம்தான்," என்றார் குணமணி. "வீட்டைப் புதுப்பிக்க உங்க ஆர்க்கிடெக்ட் எழுதின அறிக்கையை நான் பார்க்கலாமா?"

ஹால் இரண்டு மாடி உயரம். தெற்குச் சுவரில் அரைவட்டமாக வெளியே பிதுங்கிய பெரிய ஜன்னல், அதனருகே சுஜீந்திரன் உட்கார்ந்த மேசை. மேற்குச் சுவர் நடுவே ஆள் நிற்கும் உயரத்துக்கு, குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்பு. அதன் இருபுறமும் உள்ளே உட்கார மரப்பெட்டி ஆசனங்கள். நூலகம் அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தது. ஆனால் அதன் கதவு பின்பக்க நடையில். மேசையிலிருந்து பார்த்தால் அது தெரியும்.

குணமணி கணப்புக்குள் தலையை விட்டு மேலே பார்த்தார். விரலால் செங்கல்லைத் தடவி நஸீஹாவிடம் காட்டினார். விரல் சுத்தமாக இருந்தது.

"எரிச்சதே இல்லை," என்றாள் நஸீஹா. "இந்த ஊர்ல யாருக்குக் குளிரும்?"

"நான் இருபது வருஷமா புகை பார்த்தவள். புகையே போகாத புகைபோக்கியை இப்பத்தான் பார்க்கிறேன்."

மேலிருந்து சிரிப்புச் சத்தம். கைப்பிடியில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த சரத் எட்டிப் பார்த்தான். "அக்கா, இந்த வீட்ல ஆணியே கம்மி. எல்லாம் மர முளைதான். அந்தப் பெட்டியில பாருங்க, வரிசையா."

நஸீஹா குனிந்து பார்த்தாள். ஆசனத்தின் முதுகுப் பலகையில் கட்டைவிரல் பருமனில் மர முளைகள் அடித்திருந்தன. எல்லாவற்றின் தலையிலும் தூசி. வலப்பக்கக் கடைசி முளை மட்டும் பளபளத்தது. அதையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு அளக்கத் தொடங்கினாள். வெளியே முன்சுவர், ஹாலும் நூலகமும் சேர்ந்து இருபத்தோரு மீட்டர் அறுபது. உள்ளே ஹால் பதினொன்று இருபது, நூலகம் ஏழு அறுபத்தைந்து. வெளிச்சுவர் இரண்டும் சேர்த்து எழுபது சென்டிமீட்டர். கூட்டினால் பத்தொன்பது ஐம்பத்தைந்து. அப்படியானால் நடுச்சுவர் இரண்டு மீட்டருக்கு மேல் தடிமன். கணப்பின் ஆழம் முக்கால் மீட்டர். மீதி?

மறுபடி அளந்தாள். மூன்றாம் முறையும் அளந்தாள். புருவத்தில் வியர்வை.

"இன்னிக்கு வகுப்புல முதல் பாடமா?" யாரோ பின்னால் கேட்டார். நாற்பது வயது, மெல்லிய கண்ணாடி, மடிப்புக் கலையாத லினன் சட்டை. சுஜீந்திரன். மாலை வகுப்பின் பெயர் அச்சிட்ட அவள் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார். "நாடா நடுவுல தொய்ஞ்சா இப்படித்தான் தப்பு வரும். பழைய வீடுன்னா இன்னும் மோசம். பரவாயில்லை லா, நானும் லண்டன்ல முதல் வருஷம் இப்படித்தான்."

நஸீஹா காது சூடாவதை உணர்ந்தாள். கூட்டுத்தொகையின் மேல் பென்சிலால் கோடு போட்டு அடித்தாள்.

குணமணி அவரிடம் மென்மையாகவே கேட்டார். "செவ்வாய்க்கிழமை அந்த வெயில் ரொம்பக் கடுமையா?"

"அது தெற்கு ஜன்னல்ங்க. இந்த மாதிரி வீடுகளோட இலக்கணமே அதுதான். நல்ல அறையைத் தெற்கே வச்சு வெயிலை உள்ள விடுவாங்க. ஜனவரியில ரெண்டு வாரம் இதே மேசையில சர்வே பண்ணினேன், தாங்க முடியல. அன்னிக்கும் அப்படித்தான் அடிச்சுது."

"இந்தக் கணப்பை எடுக்கப் போறீங்களாமே?"

"திங்கட்கிழமை. அது பிற்காலத்துல ஒட்ட வச்சது, அசல் இல்லை. அந்த இடத்துல லிஃப்ட் வரும். எல்லாம் அறிக்கையில இருக்கு."

வாசலுக்கு வெளியே பஞ்சவர்ணம் குடையோடு நின்றிருந்தார். அவரை உள்ளே விட மறுத்திருந்தார்கள். குணமணி கேட்டது ஒரே கேள்வி.

"அந்தச் சுருள்ல எத்தனை தாள்?"

"பதினொண்ணு. மாசாமாசம் அந்துருண்டை மாத்துறப்ப எண்ணித்தான் சுத்துவேன். போன மாசம் சுஜீந்திரன் சார் மறுபடி பார்க்கணும்னு கேட்டப்பவும் நான்தான் எண்ணிக் கொடுத்தேன். பத்தாவதோட பதினொண்ணாவது ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பிரிச்சுக் காட்டினேன்."

லிட்டில் இந்தியாவுக்குத் திரும்பும் ரயிலில் குணமணி அறிக்கையை முழங்காலில் விரித்து வைத்திருந்தார். நஸீஹா தன் குறிப்பேட்டை மூடியே வைத்திருந்தாள்.

"அடிச்ச எண் என்ன?" என்றார் குணமணி.

"தப்பு அக்கா. ஒரு மீட்டருக்கு மேல இடிக்குது."

"மூணு தடவையும் அதே ஒரு மீட்டரா?"

"ஆமா."

"தொய்ஞ்ச நாடா மூணு தடவையும் ஒரே மாதிரி தொய்யாது." அவர் மறுபடி அறிக்கைக்குக் குனிந்தார். நஸீஹா இறங்கும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போனாள். நாளை பத்து மணிக்குத் தன் அளவை நம்பி ஒரு அம்மாவின் பெயர் நிற்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்கால். ஹாலில் ஐந்து நாற்காலிகள். ஜேசுதாசன் முன்னால் ஒரு தாள் இருந்தது. பஞ்சவர்ணம் கையெழுத்திட வேண்டிய ராஜினாமா. அவர் அதைப் பார்க்காமல் சரத்தின் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெளியே மேகமே இல்லை.

"சுஜீந்திரன் சார், அன்னிக்கு உட்கார்ந்த மாதிரியே மேசையில உட்காருங்க," என்றார் குணமணி. "பத்து மணி வரைக்கும் நாம காத்திருக்கலாம்."

"நாடகமா?" என்றார் அவர். ஆனாலும் உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் காத்திருந்தார்கள். கிழக்குப் பக்கச் சின்ன ஜன்னல் வழியே மாடிப்படியில் வெயில் பட்டை பட்டையாக விழுந்தது. தெற்கே திரை விரியத் திறந்திருந்தது. மேசை மேலோ சுஜீந்திரன் முகத்திலோ ஒரு கீற்று வெயில்கூட இல்லை. கடிகாரம் பத்தைத் தாண்டியது.

"எனக்கு ஒண்ணும் கண் கூசலையே," என்றார் ஜேசுதாசன் மெதுவாக.

"கூசாது. இது ஜூன் மாசம். நாம இருக்கிறது பூமியோட நடுக்கோட்டுக்குப் பக்கத்துல. ஜூன்ல நமக்குச் சூரியன் வடக்கே போயிடும். தோட்டத்துச் சூரியக் கடிகாரத்தைப் பாருங்க, நிழல் தெற்குப் பக்கமா சாயுது. இந்த ஜன்னல் வழியா இந்த மாசம் முழுக்க நேர் வெயில் வராது. வருஷக் கடைசியிலும் ஜனவரியிலும்தான் வரும். பஞ்சவர்ணம் அம்மா அதனாலதான் தீபாவளிக்கு மூடி மாசியில திறக்கிறாங்க. இங்கிலாந்துலன்னா தெற்கு ஜன்னலுக்கு வருஷம் பூரா வெயில் உண்டு. சார் படிச்சது அந்தப் பாடம். சர்வே பண்ணினதும் ஜனவரி. அவசரத்துல பொய் தேவைப்பட்டப்ப தெரிஞ்சதைச் சொல்லிட்டார்."

சுஜீந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளிச்சம்னு சொல்ல வந்தேன். அதனால நான் திருடனா? அறை பூட்டியிருந்தது. நடையில என் கால் படவே இல்லை."

"திரையை ஏன் மூடினீங்க? வெயிலுக்கு இல்லைன்னா, தோட்டத்துல இருந்தவர் கண்ணுக்கு மறைக்கத்தான். இந்த ஹால்ல அவர் பார்க்கக்கூடாதது என்ன நடந்துச்சு?" குணமணி திரும்பினார். "நஸீஹா, அளவைச் சொல்லு."

நஸீஹா எழுந்தாள்.  எண்களைப் படித்தாள். இருபத்தொன்று அறுபது, பதினொன்று இருபது, ஏழு அறுபத்தைந்து. "கணப்போட ஆழமும் ஒரு சுவரும் போக, நடுவுல கிட்டத்தட்ட ஒரு மீட்டர் மிச்சம்."

"மாலை வகுப்பு மாணவி," என்றார் சுஜீந்திரன் ஜேசுதாசனைப் பார்த்து. "நேத்து அவங்களே அந்தக் கணக்கை அடிச்சுட்டாங்க. கேளுங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ராஜினாமாத் தாளின் ஓரம் மின்விசிறிக் காற்றில் படபடத்தது.

"அடிச்சேன்," என்றாள் நஸீஹா. "நீங்க சொன்னதால அடிச்சேன். ஆனா மூணு தடவை அளந்தேன். மூணும் ஒண்ணுதான்."

சரத் எழுந்து இடுப்பிலிருந்த தன் இரும்பு நாடாவை இழுத்தான். அவனும் நஸீஹாவும் ஹாலை அளந்தார்கள். ஜேசுதாசன் நூலகத்தைத் திறந்துவிட, அதையும் அளந்தார்கள். வெளியே போய்த் திரும்பி வந்தார்கள். ஏழு நிமிடம் ஆனது. சரத் உள்ளங்கையில் எழுதியிருந்ததைப் படித்தான். "என்னுது ஒரு சென்டிமீட்டர் கூட வருது அக்கா. மத்ததெல்லாம் இந்தத் தங்கச்சி சொன்னதுதான்."

"இங்கிலாந்துல இந்த மாதிரி மாளிகைகள்ல கணப்புக்குப் பக்கத்துல ஒளிவறை கட்டுவாங்க," என்றார் குணமணி. "ஒரு காலத்துல பாதிரிமாருங்க ராஜாவோட ஆளுங்களுக்குப் பயந்து அதுல ஒளிஞ்சாங்களாம். இதைக் கட்டினவன் அப்பா வீட்டை அப்படியே கட்டினான், ஒளிவறையையும் விடல. இங்க நெருப்பு மூட்டப் போறதில்லை, புகை போக வழி தேவையில்லை, அதனால இடமும் தாராளம். சரத், வலது பக்க ஆசனத்துல ஒரே ஒரு முளையில தூசி இல்லை."

சரத் மண்டியிட்டான். பளபளத்த முளையைக் கட்டைவிரலால் அழுத்தினான். அசையவில்லை.  அவன் தலையைச் சாய்த்து யோசித்து, அதைத் திருகினான். டொக் என்றது. முதுகுப் பலகை ஒரு கதவுபோல் உள்ளே போனது. பழைய மரத்தின் மக்கல் வாடை வந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் ஒடுங்கிய செங்கல் அறை, எதிர்ப்பக்கம் நூலக மரச்சுவரின் பின்புறம், அதிலும் ஒரு தாழ். மூலை முழுக்கப் பல்லி முட்டை ஓடுகள்.

"பல்லி ஆள் நடமாட்டமில்லாத சந்துலதான் முட்டையிடும்," என்றார் குணமணி. "அந்தப் பக்கம் திறந்தப்ப ரெண்டு மூணு ஓடு நூலகத் தரையில விழுந்துச்சு. துடைச்ச தரையில."

சரத் கையை நீட்டி, துணியில் சுற்றிய சுருளை வெளியே எடுத்தான்.

ஜேசுதாசன் எழுந்து நின்றிருந்தார். "இந்த அறை இருக்கிறது யாருக்குமே தெரியாதே."

"இந்தச் சுருளைப் படிச்சுப் புரிஞ்சவருக்குத் தெரியும். பஞ்சவர்ணம் அம்மா, எண்ணுங்க."

பஞ்சவர்ணம் மேசையில் சுருளை விரித்து, விரலை நனைக்காமல், ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். "பதினொண்ணு." கடைசித் தாளில் கணப்பும் அதன் பக்கத்து ஒளிவறையும் பழுப்பு மையில் அழகாக வரைந்திருந்தன. கீழே வீடு கட்டிய ஆண்டு.

"அறிக்கையில சார் போட்ட பட்டியல்ல பத்துதான்," என்றார் குணமணி. "ஜனவரியில ஒட்டிக்கிட்டு இருந்ததைக் கவனிக்கல. கணப்பு பிற்காலத்துதுன்னு எழுதினார், இடிக்கவும் அனுமதி வாங்கினார். போன மாசம் இந்தத் தாளைப் பார்த்தப்பதான் தப்பு தெரிஞ்சுது. சனிக்கிழமை ஊரே பார்க்கும். இது ஒண்ணை மட்டும் எடுத்தா எண்ணுற அம்மா கண்டுபிடிச்சுடுவாங்க. மொத்தச் சுருளும் போனா சாவி வச்சிருக்கிறவங்க மேல பழி விழும். திங்கட்கிழமை இடிப்புக்கு மேற்பார்வை இவர். சாவகாசமா எடுத்துக்கலாம்."

சுஜீந்திரன் பதினோராவது தாளைப் பார்த்தார். வாதாடும் முகம் போய்விட்டிருந்தது.

"அங்கேயே கிழிச்சுப் போட்டிருக்கலாம்," என்றார். "எவ்வளவு நல்ல கை பாருங்க. கிழிக்க மனசு வரல."

"தாளைக் கிழிக்க வராத மனசு என் பேரைக் கிழிக்க மட்டும் எப்படி வந்துச்சு சார்?" என்றார் பஞ்சவர்ணம்.

 ஜேசுதாசன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனார். காவல்துறைக்கு அவர் விவரம் சொல்வது ஹால் வரை கேட்டது. திரும்பி வந்தவர் சாவிக்கொத்தைப் பஞ்சவர்ணத்திடம் நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. நான் தாளையும் எண்ணல, உங்க பேச்சையும் கேக்கல."

பஞ்சவர்ணம் சாவியை வாங்கவில்லை. மேசைமேல் இருந்த ராஜினாமாத் தாளைக் காட்டினார். "அதை முதல்ல."

ஜேசுதாசன் அதை எடுத்து நான்காகக் கிழித்தார். அதன் பிறகே சாவி இடுப்புக்குப் போனது. பஞ்சவர்ணம் விளக்குமாறு எடுக்கப் பின்கட்டுக்கு நடந்தார். பல்லி முட்டை ஓடுகளைக் கூட்ட வேண்டுமாம்.

நஸீஹா படியில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தாள். அடித்த கோட்டுக்குக் கீழே அதே எண்ணை மறுபடி எழுதினாள். இந்தத் தடவை பேனாவால். பக்கத்தில், சரத் சொன்ன ஒரு சென்டிமீட்டரையும் குறித்துக்கொண்டாள்.